குறுநாவலை யாரிடம் கொடுப்பது?

ஒரு குறுநாவலுக்குப் பதிப்பகம் அமைவது பல சமயம் கதையின் தரத்தைப் பொறுத்து நடப்பதில்லை, பக்கக் கணக்கைப் பொறுத்து நடக்கிறது. மன்னார்குடியில் இருந்துகொண்டு மெய்ப்புப் பார்க்கும் (அச்சுக்குப் போகுமுன் பிழை திருத்தும்) எனக்குத் தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை என்று நான்கு பக்கமிருந்தும் கைப்பிரதிகள் வருகின்றன. அனுப்புபவர்கள் பெரும்பாலும் ஆசிரியர்கள், கூட்டுறவு வங்கி ஊழியர்கள், வயலையும் பார்த்துக்கொண்டு இரவில் எழுதுபவர்கள். நல்ல குறுநாவல்கள் வருஷக்கணக்கில் மேஜைக்குள்ளேயே கிடப்பதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. அதனால் இருக்கிற வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து, யாருக்கு எது பொருந்தும் என்று எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பக்கக் கணக்கு. தமிழில் வழக்கமான டெம்மி அளவுப் புத்தகத்தில், 12 புள்ளி எழுத்தில், ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 220 முதல் 240 சொற்கள் பிடிக்கும். அச்சகத்தில் 16 பக்கம் ஒரு ஃபாரம். 20,000 சொல் கதை, தலைப்புப் பக்கம், முன்னுரை எல்லாம் சேர்த்து 96 பக்கம், அதாவது 6 ஃபாரம் வரும். 12,000 சொல் என்றால் 64 பக்கத்தில் முடிந்துவிடும்.

96 பக்கப் புத்தகத்துக்கு 130 ரூபாய் விலை வைப்பதாக எடுத்துக்கொள்வோம். கடைக்காரருக்கு 40 சதவீதம் கழிவு கொடுத்தால் 52 ரூபாய் போய்விடும். எழுத்தாளருக்கு 10 சதவீத ராயல்டி 13 ரூபாய். மிச்சம் 65 ரூபாயில் காகிதம், அச்சு, பைண்டிங், ராப்பர் (மேலட்டை), லேமினேஷன், பக்க வடிவமைப்பு, மெய்ப்பு, பார்சல், ஸ்டால் வாடகை அத்தனையும் அடங்க வேண்டும். 240 பக்கப் புத்தகத்துக்கு 300 ரூபாய் வைத்தால் இதே கணக்கில் 150 ரூபாய் மிஞ்சும். காகிதச் செலவு பக்கத்தோடு ஏறும், சரி. ஆனால் ராப்பர் வடிவமைப்புக்கும் லேமினேஷனுக்கும் ஸ்டாலுக்கும் சின்னப் புத்தகம், பெரிய புத்தகம் என்ற பேதம் கிடையாது. நூலகத்துறையும் வெகுகாலம் பக்க அளவை வைத்துத்தான் விலை போட்டுவந்தது. ஆகவே மெல்லிய புத்தகம் எந்தப் பக்கம் திருப்பினாலும் பதிப்பாளரின் கையைக் கடிக்கும்.

இன்னொன்று முதுகு. 72 பக்கப் புத்தகத்தைப் பெர்ஃபெக்ட் பைண்டிங் (பசையால் ஒட்டும் கட்டு) போட்டால் முதுகு நான்கு மில்லிமீட்டர் வந்தாலே அதிகம். அதில் தலைப்பை அச்சடித்தால் எழுத்து பாதி முன்னட்டையில் ஏறி நிற்கும். நூலக அலமாரியில் முதுகு வெளியே தெரியும்படி அடுக்கினால் அந்தப் புத்தகம் அங்கே இருப்பதே தெரியாது. சிலர் எழுத்தை 14 புள்ளிக்கு ஏற்றி, வரிக்கு வரி இடைவெளி விட்டுப் பக்கத்தை ஊத வைக்கச் சொல்கிறார்கள். வாசகர் முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். செய்ய வேண்டாம்.

ஆக, பக்கம் குறைவு என்பது எந்த வழியில் குறையாகத் தெரியாதோ அந்த வழியைத்தான் குறுநாவல்காரர் முதலில் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் முன்னால் வருவது பத்திரிகையும் போட்டியும்.

குறுநாவல் என்ற வடிவத்தைத் தமிழில் வளர்த்ததே பத்திரிகைகள்தான். 1965இல் தொடங்கிய கணையாழி, தி. ஜானகிராமன் நினைவாக நடத்திய குறுநாவல் போட்டி பலருக்கும் வாசல் திறந்தது. மன்னார்குடிப் பக்கம் தேவங்குடியில் பிறந்தவரின் பெயரில் அப்படி ஒன்று நடந்தது என்பதில் எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தனிப் பெருமை உண்டு. 1932இலிருந்து வரும் கலைமகளும் குறுநாவல் போட்டி நடத்தியிருக்கிறது. இணையத்தில் சொல்வனம் போன்ற இதழ்கள் நீளமான புனைவுக்கு இடம் தருகின்றன, திரையில் ஃபாரம் கணக்கு கிடையாது என்பதால். பத்திரிகை வழியில் பணம் அதிகம் வராது. ஆனால் ஓர் ஆசிரியர் குழு படித்து, தேர்ந்தெடுத்து, வெளியிட்டது என்ற பெயர் வருகிறது. பிறகு பதிப்பகத்துக்கு எழுதும்போது அந்த ஒரு வரி பத்து வரி சுயவிவரத்தைவிட மேல்.

இதில் கவனிக்க வேண்டியது வரிசை. போட்டிகளும் பெரும்பாலான இதழ்களும் ‘இதுவரை எங்கும் வெளிவராதது’ என்று உறுதிமொழி கேட்கும். முகநூலில் பத்துப் பகுதியாகப் போட்டுவிட்டாலும், பிரதிலிபி என்ற இணையக் கதைத் தளத்தில் ஏற்றிவிட்டாலும் அந்த உறுதிமொழியைக் கொடுக்க முடியாது. பின்னால் நீக்கினாலும் வெளிவந்தது வெளிவந்ததுதான். பத்திரிகையிலிருந்து புத்தகத்துக்குப் போகலாம், புத்தகத்திலிருந்து மின்னூலுக்குப் போகலாம். தலைகீழாகப் போவது கஷ்டம். நீடாமங்கலத்திலிருந்து ஓர் ஆசிரியை போனில், “அண்ணே, நாலு பேரு படிக்கட்டுமேன்னு முதல்ல ஆன்லைன்ல போட்டுடவா?” என்று கேட்டார். நாலு பேர் படிக்க வேண்டுமென்றால் நாலு பேருக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள், பொதுவில் போடாதீர்கள் என்றேன். எல்லோருக்கும் அதையேதான் சொல்வேன்.

மாத நாவல்களை இலக்கியம் பேசுபவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. அது சரியல்ல. 1969இல் வந்த ராணி முத்து தொடங்கி, பாக்கெட் நாவல், மாலைமதி என்று நடுத்தர நீளக் கதையைப் பெட்டிக்கடைக்கும் பேருந்து நிலையத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தவை அவைதான். ஓர் இதழுக்கு ஒரு முழுக் கதை, அந்த மாதத்தோடு விற்பனை முடிந்தது என்பதால் அங்கே மெல்லிய புத்தகம் ஒரு குறை இல்லை. குடும்பக் கதை, காதல், துப்பறியும் கதை எழுதுபவர்களுக்கு இன்றும் இது பொருந்தும். உங்கள் கதை அந்த வகையில் இல்லையென்றால் வலிந்து திணிக்க வேண்டாம், இரண்டு பக்கத்துக்கும் ஏமாற்றம்தான்.

அடுத்து, பதிப்பகம். தமிழ்ப் பதிப்பகம் என்றாலே சென்னை என்று நினைத்து உழவன் எக்ஸ்பிரஸிலோ மன்னை எக்ஸ்பிரஸிலோ கைப்பிரதியைத் தூக்கிக்கொண்டு கிளம்புபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காலச்சுவடு நாகர்கோவிலில் இருக்கிறது, எதிர் வெளியீடு பொள்ளாச்சியில், வம்சி திருவண்ணாமலையில். நமக்குக் கிட்டத்திலேயே தஞ்சாவூரில் அகரமும் அன்னமும், திருச்சி மாவட்டம் புத்தாநத்தத்தில் அடையாளமும், திருத்துறைப்பூண்டி பக்கம் மணலியில் நன்னூலும் இருக்கின்றன. நேரில் போய் நிற்பதால் யாரும் கூடுதலாகப் படிக்கப் போவதில்லை. மின்னஞ்சல் போதும். (தஞ்சாவூரில் இருக்கிறதே என்று தமிழ்ப் பல்கலைக்கழகத்தையும் சரஸ்வதி மஹால் நூலகத்தையும் சிலர் கேட்கிறார்கள். அவை ஆய்வுக்கும் சுவடிப் பதிப்புக்குமான இடங்கள், புதுப் புனைவுக்கு அல்ல.)

பதிப்பகத்துக்குக் கொடுப்பது என்று முடிவு செய்துவிட்டால் கேள்வி இதுதான்: ஒற்றைக் குறுநாவலாகவா, இரண்டு மூன்றைச் சேர்த்தா? சேர்த்துக் கொடுப்பதுதான் மேல் என்பது என் தீர்மானமான கருத்து. 20,000 சொல்லில் இரண்டும், 12,000 சொல்லில் ஒன்றும் சேர்ந்தால் 240 பக்கம் வந்துவிடுகிறது. மேலே போட்ட கணக்கு அப்படியே மாறுகிறது. முதுகு கிடைக்கிறது, விமர்சகரும் எடுத்துப் பேச ஒரு கனம் இருக்கிறது. ஒரு குறுநாவலோடு நான்கு சிறுகதைகளைச் சேர்ப்பதும் உண்டு. ஆனால் அப்படிச் செய்தால் குறுநாவல் சிறுகதைத் தொகுப்புக்குள் முங்கிவிடுகிறது, மதிப்புரைகள் சிறுகதைகளைத்தான் பேசும். ஒரே வட்டாரம், ஒரே குடும்பம், ஒரே தொழில் என்று ஏதாவது ஒரு சரடு மூன்று குறுநாவல்களிலும் ஓடுமானால் இன்னும் நல்லது. கடைமடைக் கிராமம் ஒன்றை வைத்து ஏற்கனவே ஒன்று எழுதியிருப்பவருக்கு இரண்டாவதையும் மூன்றாவதையும் எழுத ஒரு வருஷம் பிடிக்கலாம். காத்திருப்பதில் நஷ்டம் இல்லை. அந்த இடைவெளியில் முதல் குறுநாவலைப் பத்திரிகைக்கும் போட்டிக்கும் அனுப்பிக்கொண்டிருக்கலாம்.

ஒற்றையாகவே வர வேண்டிய குறுநாவலும் உண்டு. பக்கத்தில் இன்னொரு கதை வந்தால் கெட்டுவிடும் என்று எழுதியவருக்குத் தெரியும். அப்படியானால் ஏற்கனவே ஒற்றைக் குறுநாவல் போட்டிருக்கிற பதிப்பகமா என்று அதன் பட்டியலைப் பாருங்கள். புத்தகக் கண்காட்சி ஸ்டாலில் நின்று, நூறு பக்கத்துக்குக் குறைவான புனைவு எத்தனை இருக்கிறது என்று புரட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். 2022இலிருந்து அரசு மாவட்டந்தோறும் கண்காட்சி நடத்துவதால் இதற்குச் சென்னை போக வேண்டியதில்லை, தஞ்சாவூரிலோ திருவாரூரிலோ பார்த்துவிடலாம்.

மின்னூல் வழியில் இரண்டு இடங்கள் முக்கியம். இரண்டும் வேறு வேறு உலகம். அமேசானின் மின்னூல் கடையான கிண்டிலில் தமிழ் நூல்கள் 2016 கடைசியிலிருந்து வருகின்றன. கேடிபி என்ற அமேசானின் சொந்தப் பதிப்புத் தளம் வழியாக நீங்களே ஏற்றலாம், செலவு கிடையாது, 64 பக்கமும் 640 பக்கமும் அங்கே ஒன்றுதான். இந்தியச் சந்தையில் 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றால் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர வேண்டும், இல்லையென்றால் 35 சதவீதம். செலக்டில் சேர்ந்தால் 90 நாளுக்கு அந்த மின்னூல் வேறு எங்கும், இலவசமாகக்கூட, இருக்கக் கூடாது. காலம் முடிந்ததும் அது தானாகவே புதுப்பித்துக்கொள்ளும், வேண்டாமென்றால் நாம்தான் நிறுத்த வேண்டும். இதைப் படிக்காமல் கிண்டிலிலும் பிரதிலிபியிலும் ஒரே சமயத்தில் போடுபவர்கள் சிக்கிக்கொள்கிறார்கள். கிண்டில் அன்லிமிடெட் என்ற சந்தாத் திட்டத்தில் படித்த பக்கத்துக்குத்தான் காசு. அதனால் தனிக் குறுநாவல் ஒன்றால் பெரிதாக ஒன்றும் சேராது, ஐந்தாறு தலைப்பு இருந்தால்தான் ஓரளவு தெரியும்.

2014இல் தொடங்கிய பிரதிலிபியில் கதை தொடராக ஓட வேண்டும். ஒவ்வொரு பகுதியும் அடுத்த பகுதியைத் திறக்க வைக்கும்படி முடிய வேண்டும். அதற்கென்று எழுதினால் வாசகர் கூட்டம் நிச்சயம் உண்டு, கருத்துகளும் சூட்டோடு சூடாக வரும். ஒரே மூச்சில் படிக்க வேண்டிய குறுநாவலைப் பதினைந்து துண்டாக வெட்டிப் போட்டால் அந்த வாசகருக்கும் பிடிக்காது, கதைக்கும் நியாயம் இல்லை.

சொந்தமாக அச்சடிப்பதை நான் தள்ளிவிட மாட்டேன். பிஓடி (வேண்டிய பிரதியை மட்டும் அச்சடிக்கும் முறை) வந்த பிறகு நூறு பிரதிகூட அடிக்க முடிகிறது. புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணை டெல்லியில் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகத் தருகிறது. இணையத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம், அதற்குக் கட்டணம் என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். 1954ஆம் வருஷச் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டிய கடமையும் உங்களைச் சேரும். உங்கள் வாசகர்கள் யார் என்று உங்களுக்கே தெரிந்திருந்தால் இந்த வழி நல்ல வழி: ஊர்க்காரர்கள், பழைய மாணவர்கள், வெளிநாட்டில் இருக்கிற சொந்தங்கள், சங்கத்துத் தோழர்கள். அவர்கள் முகம் தெரியாதவர் எழுதியதை வாங்க மாட்டார்கள், உங்களுடையதை வாங்குவார்கள். அவர்களைத் தாண்டிப் போக வேண்டுமென்றால் மட்டும் இந்த வழி திணறும். கும்பகோணத்துக் கடையில் ஐந்து பிரதி வைத்துவிட்டு வரலாம், ஆனால் கோயம்புத்தூர்க் கடைக்கு யார் போய் வைப்பது, யார் பணம் வாங்குவது?

சொந்தமாக அடிப்பவர்கள் டிடிபி (கணினியில் பக்கம் அமைக்கும் வேலை) விஷயத்தில் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய அச்சகங்கள் சில இன்னும் யூனிகோடு அல்லாத எழுத்துருவில் வேலை செய்கின்றன. உங்கள் யூனிகோடு கோப்பை மாற்றும்போது ‘ஸ்ரீ’ கட்டமாகிவிடும், ‘கௌ’ என்பதில் இருக்கிற கொம்புக்கால் தனி ‘ள’வாக மாறி நிற்கும், மேற்கோள் குறிகள் காணாமல் போகும். மாற்றிய பிறகு ஒருமுறை முழுக்க மெய்ப்புப் பார்க்காமல் அச்சுக்கு விடாதீர்கள். வேலை முடிந்ததும் பிடிஎஃப் மட்டும் போதாது, திறந்து திருத்தக்கூடிய மூலக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். இரண்டாம் பதிப்புக்கும் மின்னூலுக்கும் அதுதான் வேண்டும்.

தமிழ் வளர்ச்சித் துறை நூல் வெளியிட நிதியுதவி தருகிறது. அறிவிப்பு வரும்போது நிபந்தனைகளைப் படித்து விண்ணப்பிக்கலாம். சொந்தமாக அடிக்க நினைப்பவர்கள் இதை விடக் கூடாது.

பணம் வாங்கிக்கொண்டு போடும் பதிப்பகங்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். எழுத்தாளரிடம் முழுச் செலவையும் வாங்கிக்கொண்டு, பதிப்பகத்தின் பெயரைப் போட்டு, ஐம்பது நூறு பிரதியை அவர் தலையிலேயே கட்டிவிட்டு, மிச்சம் என்ன ஆனது என்று சொல்லாமல் இருப்பது நடக்கிறது. செலவு உங்களுடையது என்றால் பிரதியும் உரிமையும் உங்களுடையதாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் அது அச்சு வேலைக்கான கூலி, அதில் தப்பில்லை. செலவு உங்களுடையது, உரிமை அவர்களுடையது என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள். அதற்குச் சொந்தமாக அடிப்பது எவ்வளவோ மேல்.

எந்த வழியாக இருந்தாலும் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். தமிழ்ப் பதிப்புலகில் வாய்ப்பேச்சிலேயே பாதி நடக்கிறது. நல்லவர்களோடு அப்படி நடந்து நல்லபடியாகவே முடிந்ததும் உண்டு. ஆனாலும் எழுதி வாங்குங்கள். 1957ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு எழுத்தாளர் பக்கம்தான் நிற்கிறது. கையெழுத்திட்ட எழுத்து இல்லாமல் உரிமை மாற்றம் செல்லாது. எத்தனை வருஷம் என்று எழுதாவிட்டால் ஐந்து வருஷம்தான். எந்த நிலப்பரப்பு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும்தான். வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, உரிமை வாங்கியவர் ஒரு வருஷத்துக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகிவிடும். ‘அனைத்து உரிமைகளும், எக்காலத்துக்கும்’ என்று ஒரு வரி இருந்தால் அங்கேயே நிறுத்தி, அச்சு உரிமை மட்டும், இத்தனை வருஷம், இத்தனை பிரதி என்று மாற்றச் சொல்லுங்கள். மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு இவற்றைத் தனித்தனியாகப் பேசலாம். திரைப்பட உரிமையை அச்சுப் பதிப்பாளருக்குக் கொடுக்கவே வேண்டாம். இரண்டரை மணி நேரப் படத்துக்குப் பெரிய நாவலைவிடக் குறுநாவல்தான் அளவாக உட்காரும். அந்த உரிமைக்கு என்றைக்காவது ஆள் வரலாம்.

இப்போது முடிவுக்கு வருவோம். கையில் ஒரே ஒரு குறுநாவல், பெயர் இன்னும் வெளியே தெரியாது என்றால் பத்திரிகைக்கும் போட்டிக்கும் அனுப்புங்கள், பொதுவில் போடாதீர்கள், அடுத்ததை எழுதுங்கள். இரண்டு மூன்று சேர்ந்துவிட்டது, ஒன்றாவது பத்திரிகையில் வந்துவிட்டது என்றால் தொகுப்பாகப் பதிப்பகத்துக்கு. உங்கள் ஊர், உங்கள் ஆட்கள், அவர்கள் கையில் புத்தகம் போய்ச் சேர்ந்தால் போதும் என்றால் சொந்தமாக நூறு பிரதி. வேகமாகத் தொடர்கதை எழுத வருகிறது, வாசகரோடு அன்றாடம் பேசப் பிடிக்கிறது என்றால் பிரதிலிபி. பழைய குறுநாவல்கள் அச்சில் தீர்ந்துபோய் உரிமை உங்களிடமே திரும்பியிருந்தால் கிண்டில்.

பதிப்பகத்துக்கு அனுப்புகிற காலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் சென்னைப் புத்தகக் கண்காட்சி. அதற்கான வேலை ஐப்பசி, கார்த்திகையில் உச்சத்தில் இருக்கும், அப்போது போகும் கைப்பிரதியை யாரும் திறக்க மாட்டார்கள். கண்காட்சி முடிந்து பிப்ரவரி, மார்ச்சிலோ, அல்லது மேட்டூர் திறந்து குறுவை வேலை ஓடுகிற ஜூன், ஜூலையிலோ அனுப்புங்கள். யூனிகோடில் வேர்டு கோப்பு, சொல் எண்ணிக்கை, முழுக் கதையின் ஒரு பக்கச் சுருக்கம் (முடிவையும் மறைக்காமல்), பத்திரிகையில் வந்திருந்தால் இதழின் பெயரும் மாதமும். பத்துப் பதிப்பகத்துக்கு ஒரே சமயத்தில் அனுப்புவதென்றால் அதைக் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். மூன்று மாதம் கழித்து ஒரு தடவை விசாரிக்கலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்த பதிப்பகத்துக்கு அனுப்புங்கள்.